சோறு வைத்த இலையிலிருந்து எழும்பிப் போனவருக்கு

கிழக்கு லண்டன்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

சம்பந்தி ஆகப் போனவரும், ஆகாமல் பாதி வழியில் நிற்பவருமாகிய ரெய்னர்ஸ் லேன் திரு. இராஜேந்திரன் அவர்களுக்கு,

பத்மநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்களை என்னவென்று கூப்பிடுவது என்று யோசித்தே ஒரு தேத்தண்ணி ஆறிப் போய்விட்டது. 'சம்பந்தி' என்று எழுதினால் காலைப் பிடிக்கிறேன் என்று நினைப்பீர்கள். 'ஐயா' என்று எழுதினால் கவுன்சிலுக்கு எழுதுவது போல இருக்கிறது. ஆகவே மொட்டையாகத் தொடங்குகிறேன், குறை நினைக்க வேண்டாம். நினைத்தாலும் பரவாயில்லை. உங்களுக்கும், உங்கள் மனைவி கிரிஜா அவர்களுக்கும், மகன் நிருஜனுக்கும், முக்கியமாக உங்கள் தமக்கையாருக்கும் சகல சௌபாக்கியமும் கிடைக்க எங்கள் பிள்ளையார் அருள் புரிவாராக. நாங்களும் இங்கே நல்ல சுகம் என்று எழுதுவதுதான் மரியாதை. ஆனால் சுகமில்லை. எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது, மகள் கௌசி முகம் கொடுத்துக் கதைக்கிறாள் இல்லை, மனைவி தவநாயகியோ ஒரு நாளும் இல்லாத அமைதியாக இருக்கிறாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினவனுக்குத் தெரியும், அந்த அமைதி எவ்வளவு பொல்லாதது என்று.

சம்பந்தக் கலப்பு என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டாரும் பொம்பிளை வீட்டாரும் ஒரு பந்தியில் இருந்து, ஒரு பானைச் சோற்றைச் சாப்பிட்டு எழும்புவது. சாப்பிட்டு எழும்பினால் உறவு. சாப்பிடாமல் எழும்பினால் என்ன என்று எங்கள் பெரியாட்கள் சொல்லி வைக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒருவர் செய்வார் என்று அவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. நீங்கள் செய்து காட்டிவிட்டுப் போனீர்கள். போதாக்குறைக்கு, நாள் குறித்த பிழை என்னுடையது என்று தரகர் வைத்தியநாதனிடம் சொல்லியிருக்கிறீர்களாம். நாளைக் குறித்தது நானா? ஐயர் குறித்தார். ராகு காலத்தை வெட்டி, கரிநாளை வெட்டி, அட்டமி நவமியை வெட்டி, ஆடி பிறக்க முதல் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் மிஞ்சுகிறது என்று சொன்னார். உங்களுக்கும் ஃபோன் எடுத்துச் சொன்னேன், நீங்களும் "ஓம், ஓம், வடிவான நாள்" என்றீர்கள். ஐயரின் பஞ்சாங்கத்தில் ராகு இருக்கிறார், கேது இருக்கிறார், எங்கள் தெரு முனையில் இருக்கிற ஸ்டேடியம் இல்லை. அதற்கு நான் என்ன செய்ய? உதைபந்தாட்டம் வைகாசியோடு முடிந்துவிடும், ஆனியில் அந்த ஸ்டேடியம் வயிறு நிறைந்த மாடு மாதிரிப் படுத்துக் கிடக்கும், இது எங்கள் தெருவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அமெரிக்காவில் இருந்து இரண்டு கூட்டம் விமானம் ஏறி வந்து, என் மகளின் சம்பந்தக் கலப்பு அன்று பார்த்து, என் வீட்டு மூலையில் பேஸ்போல் விளையாடும் என்று எந்தக் கிரகம் சொல்லும்? அதுவும் என்ன விளையாட்டு, எங்கட எல்லேதானே! தடியால் அடித்துவிட்டுச் சுற்றி ஓடுவது. நாங்கள் அரைக்காற்சட்டையோடு விளையாடினோம், இவர்கள் பெல்ட்டும் தொப்பியும் போட்டு விளையாடுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

நான் இந்த வீட்டை வாங்கினபோது ஸ்டேடியமும் இல்லை, ஒன்றும் இல்லை. பழைய றெயில் யார்ட் ஒன்றுதான் இருந்தது. பிறகு ஸ்டேடியம் வந்தது, சரி என்று இருந்தோம். அதன் பின்னால் அபிவிருத்தி என்று ஒன்று வந்தது பாருங்கோ, அதுதான் எங்களைக் கொன்றது. சனத்தின் கருத்தைக் கேட்கிறோம் என்று ஒரு கூட்டம் வைத்து, ஆளுக்கொரு துண்டுக் கடதாசியைத் தந்து, இந்த இடத்தைப் பற்றிய உங்கள் கனவை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள் என்றார்கள். நான் 'கார் நிற்பாட்ட இடம்' என்று எழுதி ஒட்டினேன். அதை நான் சிரித்துக்கொண்டு ஒட்டுகிற மாதிரிப் படம் எடுத்துத் தங்கள் புத்தகத்தில் போட்டார்கள். போட்டுவிட்டு, இருந்த கார் நிற்பாட்டும் இடத்தையும் எடுத்துவிட்டார்கள். அதில் இப்போது ஒரு சதுக்கம். சதுக்கத்தைச் சுற்றிச் சாப்பாட்டுக் கடைகள். உடுப்புத் தோய்க்கிற கடை போய் இறைச்சியைப் புகையில் கருக்குகிற கடை வந்தது. ஆணி, சுத்தியல் விற்ற கடை போய், கதிரை இல்லாமல் பீப்பாயில் இருத்திச் சாப்பாடு போடுகிற கடை வந்தது. ஒன்றிலும் மெனு இல்லை, மேசையில் கறுப்புப் புள்ளி போட்ட சதுரம் ஒன்று இருக்கிறது, அதை ஃபோனால் படம் பிடித்தால்தான் பசி தீரும். ஒரு நாள் கௌசி எங்களை அப்படி ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். எல்லாம் சின்னத் தட்டு, பகிர்ந்து சாப்பிட வேண்டுமாம். ஒரு தட்டில் இரண்டு வடை வந்தது, மூன்று பேருக்கு. மேலே ஒரு பூ. தவநாயகி பூவை எடுத்துத் தலையில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து புட்டு அவித்தாள்.

இந்த அநியாயத்துக்குள் எங்களுக்கு மிஞ்சி நின்றது சிவானந்தனின் கடை ஒன்றுதான். மேல்மாடியில் மண்டபம், இலைச் சாப்பாடு, எங்கள் பக்கத்துச் சனத்தின் பிறந்தநாள், செத்தவீட்டு அந்தியேட்டி எல்லாம் அங்கேதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் உங்கள் ஆட்களை இருத்தினால் எங்கள் ஆட்கள் குளியலறைக்குள்தான் நிற்க வேண்டும் என்பதால் அந்த மண்டபத்தைச் சொல்லி வைத்தேன். சிவானந்தனும் "அண்ணை, மாடி உங்களுக்குத்தான், பிள்ளையாராணை" என்று சத்தியம் செய்தான். அதற்குப் பிறகுதான் அந்த வரிசைக் கட்டடத்தை அபிவிருத்திக்காரர் வாங்கினார்கள். கடையை நடத்தலாம், ஆனால் முகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லி, பெயர்ப் பலகையில் 'டக்அவுட்' என்று எழுதிவிட்டார்கள். என்னடாப்பா இது என்று கேட்டேன். விளையாடுகிறவர்கள் ஒதுங்கி இருக்கிற குழி, எங்கட பங்கர் மாதிரி ஒன்று என்றான். பாருங்கோ அநியாயத்தை! பங்கருக்குள் இருந்து உயிர் தப்பி, நாடு விட்டு நாடு ஓடி வந்து, குரோய்டன் குடிவரவுக் கந்தோரில் கால் கடுக்க நின்று விசா எடுத்தது, திரும்பவும் ஒரு பங்கருக்குள் போயிருந்து சோறு தின்னவோ?

அன்றைக்கு விடியவே தெருவைப் பூட்டிவிட்டார்கள். நான் வேட்டி, சால்வையோடு வாசலில் நிற்க, உங்கள் ஃபோன் வந்தது.

"பத்மநாதன், நாங்கள் பாலத்துக்குக் கீழை நிக்கிறம். றோட்டைப் பூட்டிப்போட்டாங்கள்."

"கலியாண விசயம் எண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னன். டிக்கெட் இருக்கோ எண்டு கேக்கிறான்."

"எங்கையாவது காரை விட்டிட்டு நடவுங்கோ, நான் எதிரிலை வாறன்."

வந்தேன். மஞ்சள் ஜாக்கெட் போட்ட ஒரு பெண் மறித்து, நீங்கள் இந்தப் பக்கத்தால் போக ஏலாது, இது ஒருவழிப் பாதை என்றாள். காருக்கு ஒருவழிப் பாதை கேள்விப்பட்டிருக்கிறேன், மனுசருக்கு ஒருவழிப் பாதை அன்றுதான் கண்டேன். எல்லாரும் ஸ்டேடியத்தை நோக்கித்தான் நடக்க வேண்டுமாம். எதிரே நீங்கள் வருகிறீர்கள், நான் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிருகக்காட்சிச்சாலைக் குரங்கு மாதிரி நிற்கிறேன். தொப்பிக்காரர்கள் வந்து என்னோடு நின்று படம் எடுக்கிறார்கள். என் வேட்டியும் ஒரு அணியின் உடுப்பு என்று நினைத்திருப்பார்கள்.

சதுக்கத்துக்குள் வருகிறவர்களின் பைகளைச் சோதிக்கிற இடத்தில் நடந்ததை நானே கண்ணால் பார்த்தேன், ஆகவே வைத்தியநாதனிடம் அதை வேறு மாதிரிச் சொல்ல வேண்டாம். உங்கள் தமக்கையார் கொண்டு வந்த நிறைகுடத் தேங்காயை ஒரு மஞ்சள் ஜாக்கெட்காரன் உருட்டிப் பார்த்து, தட்டிப் பார்த்து, இது எறியக்கூடிய சாமான் என்று பறித்தான். பந்து எறிகிறதைப் பார்க்க உலகமெல்லாம் இருந்து சனம் வருகிறது, எங்கட தேங்காய் மட்டும் எறியக்கூடிய சாமானாம்! தமக்கையார் விடவில்லை. "தம்பி, இதை நாங்கள் எறியிறேல்லை, உடைக்கிறது" என்று இங்கிலிஷில் விளங்கப்படுத்தினார். உடைக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் இன்னும் இரண்டு மஞ்சள் ஜாக்கெட் ஓடி வந்தது.

அதை விடுங்கோ. பலகாரத் தட்டங்களுக்கு நடந்ததுதான் என்னால் இன்னும் செரிக்க முடியாத விஷயம். அந்தச் சதுக்கத்தில் போட்டி நாட்களில் ஒவ்வொரு கடைக்காரரும் வாசலில் ஒரு பெண்ணை நிறுத்தி, தட்டில் துண்டு துண்டாக வைத்து, ருசி பாருங்கள் என்று சும்மா நீட்டுவது வழக்கம். அதற்குள்ளே உங்கள் வீட்டுப் பெண்கள் பட்டுச் சேலை உடுத்து, வெள்ளித் தட்டங்களில் பயற்றம் பணியாரமும் அரியதரமும் சிப்பியும் குவித்து, வரிசையாக நடந்து வருகிறார்கள். எவன் விடுவான்? முதலில் ஒரு கிழவன் கையை நீட்டி ஒரு பயற்றம் பணியாரத்தை எடுத்தான். நல்ல காரியத்துக்குப் போகிற வழியில் கை நீட்டினவனுக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம், அது சரி. ஆனால் கிரிஜா அவர்கள் "எடுங்கோ, எடுங்கோ" என்று தட்டத்தை இறக்கிப் பிடித்திருக்கத் தேவையில்லை. அவன் கூப்பிட்டான், அவன் பெண்சாதி வந்தாள், பிறகு கியூ. லண்டனில் கியூ ஒன்று தொடங்கினால் என்னத்துக்கு என்று கேட்காமல் ஆட்கள் பின்னால் வந்து நிற்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாதா? எந்தக் கடை, எந்தக் கடை என்று கேட்கிறார்கள், கிரிஜா அவர்கள் சிரித்துக்கொண்டு அரியதரம் எப்படிச் சுடுவது என்று சொல்லிக் கொடுக்கிறார். பொம்பிளை வீட்டாரிடம் வந்து சேர்ந்தது வெறும் தட்டம், ஒன்றில் ஒரு வெற்றிலை ஒட்டிக்கொண்டிருந்தது. நான் வாய் திறந்தேனா? வெறும் தட்டத்தையும் இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி வைத்த குடும்பம் ஐயா இது!

சிவானந்தனின் மாடிக்கு ஏறினால், அவன் தலையில் தொப்பியோடு நிற்கிறான். போட்டி நாளில் மண்டபத்தை மூடி வைக்கக் கூடாது, பெரிய திரையில் ஆட்டத்தைப் போட்டு, ஹொட் டோக் விற்க வேண்டும் என்று கட்டடக்காரர் கட்டளையாம். "கோவியாதேங்கோ அண்ணை, சுவர்ப் பக்கம் முழுக்க உங்களுக்குத்தான்" என்றான். சுவர்ப் பக்கம் எங்கள் சைவப் பந்தி, திரைப் பக்கம் அவர்களின் பந்தி, நடுவில் ஒரு வாழைமரம் கட்டி எல்லை போட்டிருந்தான். நான் அவனைக் கிழி கிழி என்று கிழித்தேன், நீங்கள் கேட்டுக்கொண்டுதான் நின்றீர்கள். ஆனாலும் நேரம் போகுதே என்று இருந்தோம். இலை போட்டாச்சு, சோறு வைத்தாச்சு, பருப்பு, நெய், கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல் எல்லாம் வைத்தாச்சு. பெரியவர் நீங்கள் கை வைத்தால்தான் மற்றவர்கள் கை வைக்கலாம். நீங்கள் கை வைக்காமல் எங்கே பார்த்தீர்கள்? திரையைப் பார்த்தீர்கள். சோறு ஆற ஆற, பந்து எங்கே போகிறது என்று கழுத்தை நீட்டிப் பார்த்தது நான் இல்லை. அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒருவன் பந்தை ஆகாயத்துக்கு அடிக்க, அந்தப் பக்கம் இருந்த அவ்வளவு பேரும் துள்ளி எழும்ப, ஒரு தடியனின் கையில் இருந்த ஹொட் டோக் எல்லை தாண்டிப் பறந்து வந்து, கடுகு சோஸோடு, உங்கள் இலையில் நெய்க்கும் பருப்புக்கும் நடுவில் விழுந்தது.

விழுந்தது பிழைதான். சைவ இலையில் சொசேஜ் விழுந்தால் யாருக்குத்தான் வயிறு எரியாது? ஆனால் அவன் ஓடி வந்து தலையில் கை வைத்து மன்னிப்புக் கேட்டான். வேறு ஒன்று வாங்கித் தரட்டோ என்றும் கேட்டான். அது அவனுடைய நல்ல மனம். வேறு இலை போடுகிறோம், வேறு சோறு போடுகிறோம், இன்னும் சுவரோரமாகத் தள்ளி இருங்கோ என்று நான் கெஞ்சினேன். நீங்கள் கும்பிட்டுவிட்டு எழும்பினீர்கள். நீங்கள் எழும்ப, உங்கள் சனம் முழுக்க எழும்பியது. உங்கள் தமக்கையார் படியில் இறங்கும்போது, "எங்கட தேங்காயை எண்டாலும் வாங்கித் தாங்கோ" என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். நிருஜன் மட்டும் படியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்து கௌசி சேலை மாற்றாமல், நகை கழற்றாமல், ஒரு கதிரையில் அப்படியே இருந்தாள். உங்களுக்கும் ஒரு மகள் இருந்திருந்தால் இலையை விட்டு எழும்பியிருக்க மாட்டீர்கள்.

அதற்குப் பிறகு நான் எடுத்த ஃபோனை நீங்கள் எடுக்கவில்லை. அதையும் பொறுத்தேன். கடைசியாக வைத்தியநாதன் வந்து என்ன சொன்னான் தெரியுமோ? "ஸ்டேடியத்துக்குள்ளை போய்ப் பொம்பிளை எடுக்க எங்களுக்கென்ன விசரோ" என்று நீங்கள் கேட்டீர்களாம். கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அந்த ஸ்டேடியத்தையே தூக்கி ரெய்னர்ஸ் லேனில் கொண்டுவந்து வைக்க வேண்டும் போல இருந்தது. என் மகள் ஸ்டேடியத்துக்குள் பிறக்கவில்லை. ஸ்டேடியம்தான் அவள் பிறந்த பிறகு அவள் தெருவுக்குள் வந்து பிறந்தது. கவுன்சில்காரனுக்கும் பயப்பட்டு, கட்டடக்காரனுக்கும் பயப்பட்டு, மஞ்சள் ஜாக்கெட்டுக்கும் பயப்பட்டு, இனி உங்களுக்கும் பயப்பட என்னால் ஏலாது. ஆகவே இந்தக் கடிதம் மூலம் தெரிவிப்பது என்னவென்றால், இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். கௌசிக்கு வேறு இடம் பார்ப்பேன். பார்க்கிங் என்கிற ஊரில் ஒரு நல்ல குடும்பம் இருக்கிறது, பக்கத்தில் ஸ்டேடியம் இல்லை, நான் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டேன். தவநாயகிக்கும் இதில் பூரண சம்மதம் என்றே நினைக்கிறேன், அவள் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் வெள்ளித் தட்டங்களைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறோம், ஆள் அனுப்பி எடுங்கோ. இனி எங்களுக்குள் கொடுக்கல், வாங்கல், கதை, காரியம் ஒன்றும் இல்லை.

கோபத்தில் எழுதினாலும் முறையை விடக் கூடாது என்பதால், நிருஜனுக்கு என் ஆசிகள், நல்ல இடத்தில் நல்லபடியாகக் கலியாணம் நடக்கட்டும். கிரிஜா அவர்களுக்கு எங்கள் அன்பு. தமக்கையாருக்கு வணக்கம், தூரத்தில் இருந்து. உங்கள் குலம் தழைத்து, கொலஸ்ட்ரோல் குறைந்து, நீங்கள் நீடூழி வாழ எல்லாம் வல்ல பிள்ளையாரைப் பிரார்த்திக்கும்,

இப்படிக்கு,
மானமுள்ள,
க. பத்மநாதன்

பி.கு.: கடிதத்தை உறையில் போட்டு முத்திரை தேடிக்கொண்டு நிற்க, தவநாயகி வந்து விலாசத்தைப் பார்த்தாள். "என்னத்துக்கு முத்திரை? நாளைக்கு நான் அங்கைதானே போறன், தாங்கோ" என்றாள். எங்கே என்று கேட்டேன். "கிரிஜா வீட்டை" என்றாள். எனக்குக் கதிரை தேவைப்பட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தொடக்கம் இரண்டு பேரும் ஒவ்வொரு நாளும் ஃபோனில் கதைக்கிறார்களாம், புதன்கிழமைகளில் உங்கள் குசினியில் கூடுகிறார்களாம். நீங்கள் வேலையால் வர முதல் எல்லாவற்றையும் துடைத்துக் கழுவி வைத்துவிடுகிறார்களாம், ஆகவே உங்களுக்கும் இது இப்போதுதான் தெரிய வரும், முதலில் இருங்கோ. அங்கே கௌசியும் நிருஜனும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து, உங்கள் தமக்கையாரும் வந்து, எல்லாரும் ஒரு மேசையில் இருந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுகிறார்களாம். சோற்றைப் போடுவதே தமக்கையார்தானாம். அப்படியென்றால் கலப்பு முடிந்து எத்தனையோ கிழமை. ஆவணியில் கலியாண எழுத்துக்கும் நாள் பார்த்தாச்சாம். நான் பார்க்கிங் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். "ஓம், ஓம், நல்ல சனம், கலியாணத்துக்குக் கட்டாயம் சொல்லுவம்" என்றாள்.

இன்னும் முடியவில்லை. அன்று உங்கள் பலகாரத்தைத் தின்றவர்கள் அடுத்த நாளும் சதுக்கத்துக்கு வந்து, பட்டுச் சேலைக் கடை எங்கே என்று தேடினார்களாம். இந்தச் சனிக்கிழமை ஸ்டேடியத்தில் பாட்டுக் கச்சேரி, தவநாயகிக்கும் கிரிஜா அவர்களுக்கும் சதுக்கத்தில் கடை போட இடம் கொடுத்துவிட்டார்கள். சிவானந்தனின் அடுப்பில் சுடப் போகிறார்களாம். பெயர்ப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன், 'சம்பந்தி' என்றாள். தட்டம் தூக்க, கியூவை ஒழுங்காக நிற்பாட்ட, இரண்டு ஆம்பிளைகள் வேண்டுமாம். உங்களுக்கும் எனக்கும் அளவு தெரியாமல் தொப்பியும் வாங்கியாச்சு.

எழுதின கடிதத்தைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை, கைநோக எழுதினது. கோபத்தைக் கழித்துவிட்டு மிச்சத்தை வாசியுங்கோ. நீங்கள் சாப்பிடாமல் எழும்பிப் போன நாளில் இருந்து எனக்கும் ஒரு வாய் சோறு ஒழுங்காக இறங்கவில்லை, அதுதான் உண்மை. சனிக்கிழமை வெள்ளண வாங்கோ, காரில் வராமல் ரெயினில் வாங்கோ. பெண்டுகள் யாவாரத்தைப் பார்க்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் கடைக்குப் பின்னால் ஒரு மூலையில் இருந்து சாப்பிடுவம். சோறு நானே போடுறன். ஒன்று மட்டும் சொல்லுறன், எது வந்து விழுந்தாலும் எழும்பக் கூடாது.